எங்கள் அண்ணன் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு கொலைதான் செய்திருக்கிறேன். அதையும் ஆங்கிலத்தில் செய்தேன். அரைப் பக்கத்தில் செய்து முடித்தேன். செத்தவர் என் சொந்த அண்ணன். அன்றைக்குக் காலையில் அவர் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார் என்பது ஒன்றுதான் இதில் ஆறுதலான விஷயம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பெங்களூரில் முடி வளர்த்துக் கறுப்பு டி-ஷர்ட் போட்ட நாலு பையன்கள் ஒரு டீக்கடையில் சந்தித்தால் டீ ஆறுவதற்குள் ஒரு ஹெவி மெட்டல் பேண்டு ஆரம்பித்துவிடுவார்கள். மர்பி டவுனில் நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பேண்டின் பெயர் யமாஸ் பஃபலோ. எமனுடைய எருமை. (பெயர் வைத்தது நான்தான். எமன் மட்டும் போதும் என்றார்கள். எருமையும் இருந்தால்தான் கனம் இருக்கும் என்று ஒரு மணி நேரம் வாதாடினேன்.) எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றாலும் எருமை தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போதெல்லாம், எருமை கிளாஸ் எப்போது முடியும், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாயா என்று கேட்பாள்.

எதிர்வீட்டு ஸ்டீபன் கிதார். இம்தியாஸ் பேஸ் கிதார். பாஸ்கர் டிரம்ஸ். நான் பாடகன். பாடகன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஹெவி மெட்டலில் அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். நான் உறுமினால் பக்கத்து வீட்டு அக்கா சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். இரண்டு வருஷத்தில் மொத்தம் நான்கு கச்சேரி செய்திருந்தோம். அதில் இரண்டில் கரண்டு போனது. ஒன்றில் கேக் வெட்டுவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நான்காவதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

இப்போது அண்ணன். பெயர் கஜேந்திரன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினில் இரும்பு கடையும் வேலை. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பாதி ‘ம்’. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் பூட்டியிருக்கும் என்பதால் முதலாளியிடம் சாவி கேட்டு வாங்கி எங்களை அங்கே பயிற்சி செய்ய விட்டவர் அவர்தான். மைக் ஸ்டாண்டு இல்லையே என்று நான் ஒருநாள் சாப்பிடும்போது புலம்பினேன். மறுவாரமே இரும்புக் குழாயைக் கடைந்து, மரை போட்டு, உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி ஒன்று செய்துகொண்டு வந்துவிட்டார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் பேண்டில் உண்மையிலேயே ஹெவியாகவும் மெட்டலாகவும் இருந்தது அந்த ஸ்டாண்டு ஒன்றுதான்.

அவருக்கு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. ஏழு இடம் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறாரே என்று சிலர், நகத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதே என்று சிலர். எட்டாவதாக வந்தது ஜீவனஹள்ளி சாந்தியின் வீடு. சாந்திக்கு சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைக்கும் வேலை. பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்கிறாயா என்று அவருடைய அப்பா ஒரு பேச்சுக்குக் கேட்டார். சாந்தி நிஜமாகவே கேட்டார்.

“மெஷின்ல வேலை செய்யறப்ப கை பத்திரமா?”

அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். சாந்தி சிரித்துவிட்டார். இந்த இடம் முடிந்தது என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்ததும் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம், வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். வீடு வீடாகக் கொடுத்தனுப்ப எடுத்த அண்ணனின் ஸ்டுடியோ போட்டோவை, இனிமேல் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் அம்மா பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். இரவல் கோட்டில் அண்ணன் விறைத்துக்கொண்டு நிற்கும் படம் அது. சாந்தி வீட்டிலும் அதே படம் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரி விழாவில் பேண்டு போட்டி வந்தது. ஜெயிக்கிற பேண்டின் இரண்டு பாட்டுகளை ஸ்டுடியோவில் பதிவு செய்து கேசட் போட்டுத் தருவார்களாம். கேசட் வந்துவிட்டால் உலகம் எங்களைத் தேடி மர்பி டவுனுக்கு வந்துவிடும் என்று நாங்கள் நான்கு பேரும் மனப்பூர்வமாக நம்பினோம். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாஸ்கர் ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டான். துரோகி என்றெல்லாம் திட்டிப் பார்த்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“அங்க சாப்பாடு போடறாங்கடா.”

அன்றைக்கு டீக்காசையும் அவன்தான் கொடுத்தான்.

மேடையில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவதற்காக, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை நான் கல்லூரிக்குப் போனேன். விழாச் செயலாளர் கண்ணாடி போட்ட ஒரு நல்ல பையன். கையில் ஒரு ஃபைல். மூன்று பேர் என்றால் முடியாது சார், நான்காவது ஆள் எங்கே என்று மரியாதையாகக் கேட்டான். ஆர்கெஸ்ட்ராவில் நலங்குப் பாட்டுக்கு வாசிக்கப் போய்விட்டான் என்று ஒரு ஹெவி மெட்டல்காரன் எப்படிச் சொல்வான்? அவமானமாக இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல், “அவர் போன வாரம் இறந்துட்டார்” என்று சொல்லிவிட்டது.

அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான். எனக்கு நாற்காலி போட்டான். டீ வரவழைத்தான். விதியாவது ஒன்றாவது, டிரம்ஸ் ஸ்டூலைக் காலியாக விட்டு அதில் அவருடைய படத்தை வையுங்கள், மாலை போட்டு விளக்கேற்றி இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்திவிட்டு நீங்கள் ஆரம்பியுங்கள் என்றான். விழா மலரில் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன், பேண்டின் கதையை எழுதி ஒரு போட்டோவோடு நாளை மத்தியானத்துக்குள் கொடுங்கள் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டீ நன்றாக இருந்தது. கேசட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தச் சாயங்காலமே ஓர் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை எங்கள் பேண்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் கிடையாது. டீக்கடை, கஷாயம், கரண்டு கட் என்றா எழுத முடியும்? அதனால் பழைய சுடுகாட்டில் இடி மின்னலுக்கு நடுவே நாங்கள் நால்வரும் சந்தித்தோம் என்று ஆரம்பித்தேன். (சந்தித்தது டீக்கடை பெஞ்சில்.) செத்துப்போன டிரம்ஸ்காரருக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு முகம் வேண்டும். பாஸ்கரை அந்தக் கல்லூரியில் பலருக்குத் தெரியும். வீட்டில் நல்ல போட்டோ என்று இருந்தது அண்ணனுடையது மட்டும்தான். போட்டோவைக் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றுவானேன் என்று பெயரையும் கொடுத்தேன். ஊரையும் கொடுத்தேன். பகலில் இரும்பைக் கடைந்து, மாலையில் டிரம்ஸை அதிரவைத்த கஜேந்திரனை, போன வாரம் லேத் மெஷின் காவு வாங்கிவிட்டது என்று எழுதினேன். ‘உலோகத்தில் வாழ்ந்தவனை உலோகமே அழைத்துக்கொண்டது’ என்று முடித்தேன். அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கே அழுகை வந்தது. அண்ணன் அப்போது இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதனாலும் இருக்கலாம்.

இம்தியாஸ் மட்டும் பயந்தான். “நக்கோ மாமு, வேணாம்டா, உயிரோட இருக்கறவருக்கு இப்படி எழுதறது சரியில்ல” என்றான். அவனுக்கு நான் தைரியம் சொன்னேன். எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் வருவதை யார் படிக்கப் போகிறார்கள்? ஆங்கிலத்தில் செத்தால் மர்பி டவுனில் உயிரோடுதான் இருப்பார் என்பது என் கணக்கு. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டீபனும் இம்தியாஸும் கட்டுரையையும், மைக் ஸ்டாண்டையும், கூடத்தில் மாட்டியிருந்த பெரிய போட்டோவையும் ஓர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார்கள். போட்டோ எங்கே என்று அம்மா கேட்டதற்கு, கண்ணாடியில் கீறல், மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

விழா மலர் எந்த அச்சகத்தில் தயாரானது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில், கடைசியாகச் சேர்க்க வேண்டிய ஒரு பக்கம் என்று அவசரமாக ஒரு தாளும் போட்டோவும் சாந்தியின் மேஜைக்கு வந்திருக்கிறது. சாந்தி டைப் அடித்துக்கொண்டே அழுதிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. அப்பா கறி வாங்கி வந்து கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா மசாலா வதக்கும் வாசனை தெருக்கோடி வரை போயிருந்தது. அண்ணன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி முன்னால் உறுமிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் சாந்தியின் அப்பா இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் ரோஜா மாலை. பிறகு அவருடைய மனைவி, பிறகு அவருடைய தங்கை, அதாவது சாந்தியின் அத்தை, கடைசியாக சாந்தி. யார் தலையிலும் பூ இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டுமோ அப்படி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்கள். சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது. எங்கள் அம்மாவோ வாய் நிறைய, “வாங்க வாங்க” என்று கரண்டியோடு ஓடி வந்தாள். மல்லிகைப்பூ, பெரிய குங்குமம், முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணே வீட்டுக்கு வந்திருக்கிறாள், சம்பந்தி கையில் மாலை வேறு. இன்றைக்கே நிச்சயம் பண்ண வந்துவிட்டார்கள் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தைக்காரி ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். காரியம்கூட ஆகாத வீட்டில் கறி வேகிறது. இருந்தாலும் வந்த கடமையை விடக் கூடாது என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு அம்மா அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்து, இதுக்கெல்லாமா அழுவாங்க, எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, எல்லாம் நல்லபடியாக நடந்து முடியட்டும் என்றாள். சாந்தியின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை போன அதிர்ச்சியில் இந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்காங்க?”

அப்பா நகம் வெட்டுவதை நிறுத்தாமல், “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான்” என்றார்.

நான் இதையெல்லாம் உள்ளறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கண்களோடு சாந்தி கூடத்துச் சுவரில் போட்டோ இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் தெரிந்த கறுப்புக் கட்டத்தையும் இரவல் கோட்டின் ஒரு தோளையும் பார்த்தபோது என் வயிற்றில் இருந்த அத்தனை எருமைகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஓடிவிடலாம் என்று பின்பக்கம் திரும்பினேன். அங்கிருந்து இடுப்பில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக அண்ணன் வந்துகொண்டிருந்தார். தடுக்க நினைத்தேன். எருமைப் பாடகனுக்குக் குரலே வரவில்லை.

அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தைக்காரி போட்ட அலறல் இருக்கிறதே, அது மாதிரி ஒரு உறுமலை நான் இரண்டு வருஷம் பயிற்சி செய்தும் போட்டதில்லை. சாந்தியின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் அவரையே வெறிக்கிறார்கள், எதிரே அழுத முகத்தோடு சாந்தி. என்ன சொல்வது என்று தெரியாமல் சோப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில், இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். சாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார்.

காகிதம் கை மாறியது. சாந்தி எழுந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ‘உலோகமே அழைத்துக்கொண்டது’ வந்தபோது அம்மா கரண்டியோடு என்னைப் பார்த்தாள். இத்தனை நல்ல வரியை ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லும்போது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கரண்டி இரண்டு தரம் என் முதுகில் பட்டது. மசாலா சூடாக இருந்தது.

அடி வாங்கியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாந்தியின் அப்பா எழுந்து நின்றதுதான் பயமாக இருந்தது. அவர் கத்தவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதனால்தான் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லையோ, என் பெண் ராசி இல்லாதவள் என்று நாலு பேர் சொல்வார்களே என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தேன் என்றார். விளையாட்டுக்கு ஒருவனைச் சாகடிக்கிற வீட்டில் பெண் கொடுத்தால் நாளைக்கு எதற்குத்தான் பயமிருக்கும், இந்தப் பேச்சு இத்தோடு போதும் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏழு வீட்டில் வேண்டாம் என்று சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. எனக்கு அப்போதுதான் நிஜமாகவே ஒருவரைக் கொன்ற மாதிரி இருந்தது.

அப்போது சாந்தி பேசினார்.

“அப்பா, இவருக்காக ஒரு தடவை அழுதுட்டேன். இனிமே வேற ஒருத்தருக்காக முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால ஆகாது. கட்டிக்கிட்டா இவரைத்தான் கட்டிக்குவேன்.”

உள்ளே கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. சாந்தியின் அப்பா மாலைப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். படம் எங்கே என்று அண்ணன் என்னைப் பார்த்தார். கல்லூரியில் என்றேன். எப்போது ஏற்றுவார்கள் என்றார். நிகழ்ச்சி நான்கு மணிக்கு, முதல் பேண்டே நாங்கள்தான் என்றேன்.

செல்போன் இல்லாத காலம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்லூரிக்குப் போன் போட்டால், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாட்ச்மேன் எடுத்து ‘ரஜா’, அதாவது லீவு, என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று தரம் போட்டேன், மூன்று தரமும் ரஜா. முன்கூட்டியே போய்விடலாம் என்றால் அம்மா விடவில்லை. நேற்றிலிருந்து பட்டினி கிடப்பவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்ப மாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், செத்தவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டது மர்பி டவுன் வரலாற்றில் அதுதான் முதல் தரமாக இருக்கும். அத்தைக்காரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பினால் ஆட்டோ கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் பின்னால் சாந்தியும் அவருடைய அப்பாவும் அண்ணனும், டிரைவர் பக்கத்தில் கால் சீட்டில் நான். நேரில் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சாந்தியின் அப்பா கூடவே வந்துவிட்டார். அல்சூரில் ஒரு கோயில் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டோம். கல்லூரி வாசலில் இறங்கியபோது மணி நான்கைத் தாண்டி ஐந்து நிமிஷம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாஸ். வாசலில் இருந்த மாணவன் அண்ணனைத் தடுத்து, நீங்கள் யார் என்று கேட்டான். அண்ணன் அவன் கையில் இருந்த விழா மலரை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்து, “இது நான்தாம்பா” என்றார். அவன் படத்தைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், ஒதுங்கி வழி விட்டான்.

உள்ளே மைதானம் முழுக்க ஆயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் எழுந்து தலையைக் குனிந்து நிற்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. மேடையில் டிரம்ஸ் ஸ்டூலில் அண்ணனின் படம், அதன் மேல் ஆளுயர மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. ஸ்டீபனும் இம்தியாஸும் நிஜமாகவே அண்ணன் போய்விட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நான் வரவில்லையே என்ற கலக்கம் அது. சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியர் மெழுகுவர்த்தியோடு விளக்கை நோக்கிக் குனிகிறார். நான் அண்ணனை ஓடச் சொல்லித் தள்ளினேன். அவர் ஓடவில்லை. லேத்துக்குப் போகிற நடையில் கூட்டத்தின் நடுவே நேராக நடந்து, படியேறி, பேராசிரியரின் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, “வேணாம் சார்” என்றார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு பெண் விழா மலரையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீறிட்டாள். பிறகு மைதானமே வீறிட்டது. அது பயமில்லை, குதூகலம். செத்த டிரம்மர் எழுந்து வந்துவிட்டார் என்று ஆயிரம் பேர் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். யமாஸ் பஃபலோவின் இரண்டு வருஷ வரலாற்றில் கிடைத்த முதல் கைதட்டல் அது. நாங்கள் இன்னும் ஒரு நோட்டுகூட வாசிக்கவில்லை.

அண்ணன் இறங்கப் போனவர் மைக்கைப் பார்த்து நின்றார். ஸ்டாண்டின் ஒரு மரை லூஸாக இருந்தது. முதலில் அதை முறுக்கினார். அப்புறம் என்ன தோன்றியதோ, பேசினார்.

“என் பேரு கஜேந்திரன். லேத்ல வேலை. கை ரெண்டும் நல்லா இருக்கு. வர்ற வைகாசியில எனக்குக் கல்யாணம். எல்லாரும் வந்துடுங்க.”

அதையே கன்னடத்திலும் ஒரு தரம் சொன்னார். ஒரு மாத வார்த்தைகளை ஒரே நாளில் செலவு செய்துவிட்டார். பேசும்போது முழு நேரமும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாந்தியின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஒன்றும் அவ்வளவு இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் வாசித்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பாட்டின் பாதியிலேயே, டிரம்ஸ் அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கத்த ஆரம்பித்தார்கள். கீழே இறங்கியதும் கண்ணாடிப் பையன் ஃபைலோடு வந்தான். நான் நிஜமாகவே அழுதேன் சார் என்றான். அவ்வளவுதான் சொன்னான், திட்டவில்லை. எங்கள் பெயரை அடித்துவிட்டுப் போனான். நான் அவன் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். கேசட் போனதைவிட அவன் முகம்தான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அண்ணன் உயிரோடு இருந்தார். கல்யாணம் உயிரோடு இருந்தது. பேண்டு செத்துவிட்டது. இனிமேல் நான் உறுமவே வேண்டாம். இரண்டு வருஷமாக மிளகும் சுக்கும் குடித்துக் காய்ந்துபோன என் தொண்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆறுதலாக எச்சில் விழுங்கியது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்குச் சரியாக, முதுகு வரை முடி வளர்த்த, மண்டையோடு படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் பையன்கள் முப்பத்தெட்டு பேர் வரிசையாக மண்டபத்துக்குள் வந்தார்கள். அண்ணன் மேடையில் கூப்பிட்டாரல்லவா, வந்துவிட்டார்கள். பந்தியில் அத்தைக்காரிதான் அவர்களுக்குப் பாயசம் ஊற்றினாள். சாயங்காலம் ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ரா. டிரம்ஸ் பாஸ்கர். அவனுக்குச் சாப்பாடு போட்டோம். கண்ணாடிப் பையனும் வந்திருந்தான். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

நான் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், சாப்ட்வேரை எப்படி இயக்குவது என்று விளக்கப் புத்தகம் எழுதுகிறேன். அதில் யாரும் சாவதற்கு வழியில்லை. ஆனாலும் வீட்டில் நான் பேனாவை எடுத்தால் போதும், கல்யாணப் பத்திரிகையோ, குடியிருப்புச் சங்கத்துக்கு மனுவோ எதுவானாலும், அண்ணி குரல் கொடுப்பார்: “தயாளு, இதுல எத்தனை பேருடா செத்தாங்க?” சிரிக்காமல் கேட்பார். சிரிப்பது மற்றவர்கள் வேலை. அந்தப் போட்டோ இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் பூ வைப்பார்கள், அதற்கு மட்டும் யாரும் வைப்பதில்லை.

இந்தக் கட்டுரையையும் எழுதியதும் அண்ணியிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய தொழில் பழக்கம், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து கடைசி வரை படித்தார். ஓர் இடத்தில் மட்டும் வட்டம் போட்டார்.

“டைப் அடிச்சுக்கிட்டே அழுதேன்னு எழுதியிருக்க. தப்பு. ஒன்பது மணிக்கு மிஷினுக்குப் போகணும், அது அவசரப் பக்கம். மொத்தத்தையும் அடிச்சேன். உங்க அண்ணன் போட்டோவைச் சுத்தி நான்தான் கறுப்புக் கட்டம் போட்டேன். ஒரு பக்கம் கோணலா வந்துது. அதை நேராக்கிட்டு, அப்புறம்தான் அழுதேன்.”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பேப்பரைக் கீழே இறக்கி அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு “ம்” என்றார்.